கோழிக்குப் போன வரகு

எங்கள் வீட்டில் என்ன சோறு ஆக்குவது என்பதை நான்தான் சொல்வேன். அரிசியா, கம்பங்கூழா, கேழ்வரகுக் களியா என்று மருமகள் வந்து கேட்பாள். நான் படியால் அளந்து கொடுப்பேன். என் மாமியார் என்னை நம்பிக் கொடுத்த பொறுப்பு அது. கூலி வேலைக்குப் போன காலத்திலும் ஒரு வேளைகூட நான் தடுமாறியதில்லை.

போன வருஷம் எனக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. ராத்திரிக்கு அரிசிச் சோறு வேண்டாம் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் மகன்தான் சொன்னான்: “நீ மட்டும் ஏம்மா தனியா திங்கணும்? இனிமே ராத்திரிக்கு எல்லாருக்கும் வரகுச் சோறுதான்.”

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வேப்பந்தட்டையிலிருந்து என் தங்கச்சி தன் கொல்லையில் விளைந்த வரகைக் கொடுத்து அனுப்பினாள். “எனக்காக எங்க வூடே வரகு திங்குதுடி” என்று போனில் அவளிடம் பீற்றிக்கொண்டேன்.

மாத்திரை போடுவதால் நான் பொழுது சாயும்போதே சாப்பிட்டுப் படுத்துவிடுவேன். மகன் வேலை முடிந்து வர நேரமாகும். காலையில், “நேத்து வரகு பூவா வெந்திருந்துச்சும்மா” என்பான்.

ஒருநாள் மருமகளுக்குக் காய்ச்சல். மகனும் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தான். மாட்டுக்குக் கழனித் தண்ணீர் வைக்க நான் போனேன். பானையைத் தொட்டியில் கவிழ்த்தால், அடியில் வெள்ளை வெளேரென்று அரிசிச் சோறு. முந்தின நாள் நான் அரிசி அளக்கவே இல்லை.

மருமகளிடம் கேட்டேன். “புள்ளைங்களுக்குத் தொண்டையில எறங்கல அத்தை. ஒங்க மவனுக்குந்தான். நீங்க படுத்தப்புறம் ரேஷன் அரிசிய ஆக்கிக்கிறோம்.”

“அப்ப நான் எல்லாருக்குமா அளந்து குடுத்த வரகு?”

“கோழிக்குப் போட்டோம்.”

கோழி நன்றாகக் கொழுத்திருக்கிறதே என்று நானே மெச்சியிருக்கிறேன்.

மகன், “நீ வருத்தப்படுவேன்னுதாம்மா சொல்லல” என்றான்.

“அப்ப பூவா வெந்துச்சுன்னு எதுக்குடா சொன்ன?”



கேட்டிருந்தால் நானே அரிசி அளந்து கொடுத்திருப்பேன். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் கூழைக் குடித்துக்கொண்டு அவனுக்குத்தானே அரிசிச் சோறு போட்டேன்? அவர்கள் அரிசி தின்றதில் எனக்கு ஒன்றுமில்லை. தினமும் காலையில் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னானே, அதுதான் ஆறவில்லை.

சாயங்காலம் மருமகள் வந்து நின்றாள். “ராத்திரிக்கு என்ன அத்தை?”

“எனக்கு ஒரு கை வரகு போடு. ஒங்களுக்கு என்னன்னு ஒம் புருசங்கிட்ட கேட்டுக்க.”

“ஏம்மா இப்படிப் பேசற?” என்றான் மகன் உள்ளேயிருந்து.

அதற்குப் பிறகும் என்ன ஆக்குவதென்று கொஞ்ச நாள் கேட்டார்கள். நான் வாய் திறக்கவில்லை. இப்போது அவர்களும் கேட்பதில்லை.