ஒரு கணினிக்கு இரண்டு கதிரை

கிளிநொச்சியில் நாங்கள் படித்த பயிற்சி நிலையத்தில் எங்கள் குழுவில் நான்கு பேர், கணினி இரண்டு. வசதி இல்லாமல் அப்படி வைக்கவில்லை. இணையச் செயலிகளைக் குழுவாகச் செய்யப் பழக்கும் முறை அது. ஒருவர் விசைப்பலகையில் அடிக்க வேண்டும், மற்றவர் பக்கத்துக் கதிரையில் இருந்து யோசித்துச் சொல்ல வேண்டும், கொஞ்ச நேரத்தில் இடம் மாற வேண்டும். முதல் நாள் கனகராயன்குளத்துக்குத் திரும்பி வந்து இதை வீட்டில் சொன்னபோது அப்பா சோற்றுக் கோப்பையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு பேருக்கு ஒரு கொம்பியூட்டரோ? அவ்வளவு கஷ்டப்பட்ட இடமோ அது?"

"இல்லையப்பா, அதுதான் முறை. அஜைல் எண்டு சொல்லுறது."

"ஒரு மண்வெட்டியோட ரெண்டு பேர் வரம்பு கட்டப் போனா கொம்மா என்ன சொல்லுவா, கேள்."

"ஒருத்தன் சும்மா நிக்கிறான் எண்டு சொல்லுவன்," என்று குசினிக்குள் இருந்து அம்மா சொன்னார்.

இருவருக்கும் கையெழுத்து வைப்பதற்கு மேல் எழுத்துத் தெரியாது. ஆனால் நான் படித்து வந்து சொல்லும் எதையும் அவர்கள் பொய் என்று நினைத்ததில்லை. சிரித்துவிட்டு, கவனமாகப் படி என்றார்கள்.

எனக்குச் சோடியாக வந்தவன் தண்ணீரூற்று ஊர்ப் பொடியன். மாங்குளத்தில் பஸ் மாறி நான் வரும் பஸ்ஸில்தான் ஏறுவான். ஏறியதும் கதைக்கத் தொடங்கினால் கிளிநொச்சி வரைக்கும் ஓயாது. இரண்டாம் கிழமைக்குள் எனக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. படிப்பு முடிந்ததும் அவனும் நானும் ஒரே இடத்தில் வேலைக்குப் போக வேண்டும். அந்த ஆசை நடக்கவில்லை.

நாங்கள் செய்தது நெல் வெட்டும் மெசினைப் பதிவு செய்கிற ஒரு செயலி. அறுவடைக் காலத்தில் யாருடைய காணிக்கு முதலில் மெசின் வருவது என்று ஊரில் நடக்கும் சண்டை எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை, ஓடக்கூடிய ஏதாவது ஒன்றைக் காட்ட வேண்டும். அந்த இரண்டு கிழமைக்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். முதல் ஸ்பிரிண்டில் நாங்கள் நாள் கேட்கும் பக்கத்தைச் செய்தோம். எந்த நாள் வேண்டும், யார் முதலில் கேட்டது, அவருக்கு மெசின். நான் அடித்துக்கொண்டிருக்க அவன் பக்கத்தில் கண்ணை மூடியபடி தலையைச் சுவரில் சாய்த்திருந்தான்.

"முதலாளி இண்டைக்கும் படுத்திட்டார்," என்றாள் எங்கள் குழுவில் இருந்த ஓமந்தைப் பிள்ளை. அவளின் வாய்க்கு எல்லோருக்கும் பயம்.

"படுக்கேல்லை. வயலுக்குள்ளை நிக்கிறன்," என்றான் கண்ணைத் திறக்காமல். "மச்சான், எந்த நாள் எண்டு முதல்லை கேளாதை. காணியை முதல்லை கேள். றோட்டுக்கரைக் காணி வெட்டாமல் உள்காணிக்கு மெசின் எப்பிடிப் போறது? பறந்தோ?"

நான் பிறந்ததிலிருந்து வயலுக்குள் நிற்கிறவன், எனக்கு அது தோன்றவில்லை. அன்றைக்கு முழுவதையும் அழித்துவிட்டு, காணிகளின் வரிசையிலிருந்து தொடங்கினோம். அவன் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். எந்த வரியில் என்ன இருக்கிறது என்று திரையைப் பார்க்காமலே சொல்வான். "மேலை போ. இன்னும் மேலை. அதிலை ஒரு அடைப்புக்குறி விட்டிட்டாய்." பார்த்தால் விட்டிருப்பேன்.

காலையில் எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டும். எங்களுக்குப் பொறுப்பாக இருந்த அக்கா கொழும்பில் வேலை செய்துவிட்டு வந்தவர். மூன்று கேள்வி கேட்பார். நேற்று என்ன செய்தாய், இன்றைக்கு என்ன செய்யப் போகிறாய், உனக்கு என்ன தடை. முதல் இரண்டுக்கும் நாங்கள் நீட்டி முழக்குவோம். மூன்றாவதுக்கு நால்வருக்கும் ஒரே பதில்.

"ஒண்டுமில்லை அக்கா."

"தடையே இல்லாத டீமை நான் இண்டைவரைக்கும் காணேல்லை, பிள்ளையள். வெக்கப்படாமல் சொல்லுங்கோ."

ஓமந்தைப் பிள்ளை யோசித்துவிட்டு, "பஸ் நிப்பாட்டாமல் போயிட்டான் அக்கா, அடுத்த சந்தி வரைக்கும் நடந்து போய்த்தான் மற்ற பஸ் பிடிச்சனான்," என்றாள்.

"அதைத்தானே சொல்ல வேணும்!"

"அது தடையோ? அது பஸ்ஸெல்லோ," என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

வெட்கத்தால் நாங்கள் சொல்லாமல் இருக்கவில்லை. எல்லோருக்கும் இருப்பதைத் தடை என்று சொல்ல எங்களுக்குத் தெரியாது. அம்மாவின் தோளில் போர்க்காலத்தில் பாய்ந்த ஒரு செல் குண்டுத் துண்டு இருக்கிறது. மழைக்கு முன்னால் குத்தும். அதை அவர் வருத்தம் என்று சொன்னதில்லை. பக்கத்து வீட்டு மாமாவின் காலில் இரண்டு. என் சோடிக்கு, கடைசிச் சண்டையில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, இடது காதுக்குப் பின்னால் ஒன்று போய் உள்ளே நின்றுவிட்டது. பஸ்ஸில் முதல் கிழமையே சொல்லியிருந்தான், தனக்கு இத்தனை சகோதரங்கள் என்று சொல்வதைப் போல. நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டேன்.

மூன்றாம் ஸ்பிரிண்டில் ஒருநாள் எனக்குக் காய்ச்சல். அவன் தனியாக இருந்து அடித்திருக்கிறான். அடுத்த நாளும் விடாமல் அவனே அடித்தான், நான் தேறட்டும் என்று. மத்தியானம் ஆளைக் காணவில்லை என்று தேடிப் போனேன். பின்பக்கத் தண்ணீர்க் குழாயடியில் குந்தியிருந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

"காய்ச்சல் உனக்குத் தொத்தீட்டுதோ?"

"இல்லை மச்சான். வெளிச்சம்." முகத்தைக் கழுவினான். "கனநேரம் திரையைப் பார்த்தா தலையிடி. பேந்து இது. செல் பீஸ் இருக்கிற இடம் விண் விண்ணெண்டு அடிக்கும்."

"டொக்டர் என்னவாம்?"

"ஆழத்திலை இருக்காம். எடுக்கப் போனாத்தான் ஆபத்தாம். அப்பிடியே இருக்கட்டுமாம்."

"பிறகு என்னத்துக்கடா இந்தப் படிப்புக்கு வந்தனி?"

அவன் சிரித்தான். "கண்ணை மூடினா முழுக்க வடிவாத் தெரியுது. எனக்கு வேறை ஒண்டும் இப்பிடித் தெரிஞ்சதில்லை."

அதற்குப் பிறகு நாங்கள் கதிரை மாறவில்லை. நான் அடிப்பேன், அவன் சொல்வான். அக்கா கவனித்திருப்பார். வேலை நன்றாக நடந்ததால் ஒன்றும் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். கண்ணை மூடியிருப்பதற்கு அவனும், வேகமாக அடிப்பதற்கு நானுமாக, இரண்டு பேர் சேர்ந்து ஒரு முழு ஆளாக இருந்தோம். இப்படியே காலம் முழுக்க வேலை செய்யலாம் என்று நான் உண்மையாகவே நம்பினேன். அந்த முறையையே எங்களுக்காகத்தான் யாரோ கண்டுபிடித்தார்கள் என்று கூட நினைத்தேன்.

படிப்பு முடியும் தறுவாயில் வவுனியாவில் புதிதாகத் தொடங்கிய சிறிய நிறுவனம் ஒன்று ஆள் எடுக்க வந்தது. எங்கள் செயலியைப் பார்த்துவிட்டு மிகவும் சந்தோசப்பட்டார்கள். காணி வரிசையை யார் யோசித்தது என்று கேட்டார்கள். மூன்று பேரும் அவனைக் காட்டினோம். பிறகு, அடுத்த கிழமை சோதனை, ஆளுக்கொரு கணினி, மத்தியானம் வரைக்கும்தான் நேரம் என்றார்கள்.

அன்று திரும்பும்போது பஸ்ஸில் அவன் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். மாங்குளம் வரும்போது நான் சொன்னேன், "அக்காட்டைச் சொல்லுவம்."

"சொன்னா வருத்தக்காரன் எண்டு பேர் வரும்."

"சொல்லாட்டி?"

இறங்குவதற்கு எழும்பியவன் கம்பியைப் பிடித்தபடி திரும்பினான். "சரி, சொல்லு. ஆனா நான் பக்கத்திலை நிக்கமாட்டன்."

அக்கா கேட்டு முடியும்வரை வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். "ஒவ்வொரு நாளும் கேட்டனானே," என்றார். அன்றைக்கே நிறுவனத்தோடு கதைத்தார், நானும் பக்கத்தில் இருந்தேன். அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். வேலைக்கு வந்த பிறகு சேர்ந்து செய்யலாம், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் சோதனையை ஒருவருக்கு மாற்றினால் மற்றவர்களுக்கு என்ன சொல்வது? கேள்விகளைத் தாளில் அச்சடித்துத் தருகிறோம், திரையின் வெளிச்சத்தைக் குறைத்து வைக்கட்டும் என்றார்கள். அக்கா இரண்டாம் தடவையும் கேட்டார். மூன்றாம் தடவை கேட்டபோது அவரின் குரல் உடைந்தது.

சோதனையன்று அவன் எனக்கு முன் வரிசையில் இருந்தான். தலையிடிக் குளிசை போட்டுக்கொண்டு வந்திருந்தான். திரையை இருட்டாக்கி, ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, மற்றக் கையால் அடித்தான். ஒரு வரி அடிப்பான், குனிவான், கொஞ்ச நேரத்தால் நிமிர்ந்து அடுத்த வரி. ஒருதடவை வெளியே போய்விட்டு முகம் நனைந்தபடி வந்தான். அவனுக்கு விடை தெரியாத கேள்வி அதில் ஒன்றுகூட இருந்திருக்காது. இரண்டாம் தடவை வெளியே போனபோது கதிரையை மேசைக்குள் தள்ளிவிட்டுப் போனான். அதைப் பார்த்ததும் இனி வரமாட்டான் என்று எனக்கு விளங்கியது. என் திரையில் எழுத்துகள் கலங்கின. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடித்தேன். வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான், எழும்பிப் போக என்னால் முடியாது.

என்னையும் ஓமந்தைப் பிள்ளையையும் எடுத்தார்கள். செய்தி வந்த அன்று அவள் எனக்குப் போன் எடுத்து, "முதலாளிக்கு இல்லையாம்," என்றாள். அப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அவருக்காக நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வேலைக்குப் போய்ச் சில மாதத்தில் ஒரு சிக்கல் வந்தது. கடை ஒன்றுக்குச் செய்த செயலியில், மிஞ்சியிருக்கும் ஒரே பொருளை இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாங்கினால் இருவருக்கும் விற்றதாகக் காட்டியது. நானும் என் புதுச் சோடியும் நாள்கணக்காக முட்டினோம். பௌர்ணமிப் போயா விடுமுறையன்று மடிக்கணினியோடு தண்ணீரூற்றுக்குப் பஸ் ஏறினேன்.

அவன் மாமாவின் சீமெந்துக் கல் செய்யும் இடத்தில் நின்றான். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. கையில் சாந்து, என்னைத் தொடாமல் தோளால் இடித்தான். அடுக்கியிருந்த கற்களின் நிழலில் இருந்து விசயத்தைச் சொன்னேன். திரையைத் திருப்பிக் காட்டவில்லை. அவன் கண்ணை மூடினான்.

"ரெண்டு பேரும் காசு கட்டுற நேரத்திலைதானே நீ பார்க்கிறாய்? அது பிந்திப்போச்சு. ஒருத்தர் கூடைக்குள்ளை போட்டதோடையே அவரின்ரை பேருக்கு எண்டு பிடிச்சு வை. மற்ற ஆளுக்குக் காட்டாதை. கொஞ்ச நேரத்திலை காசு கட்டேல்லை எண்டா திருப்பி விடு."

நான் அங்கேயே அடித்துப் பார்த்தேன். சரியாக வந்தது. "வந்திட்டுதடா!" என்று கத்தினேன். அவன் கண்ணைத் திறந்து, காய்ந்த சாந்தை விரல்களிலிருந்து உரித்துக்கொண்டிருந்தான்.

"இனி உதுகளைக் கொண்டு வராதை மச்சான்."

"ஏன்டா?"

"விளங்காமல் போச்செண்டா விட்டிடலாம். எனக்கு எல்லாம் விளங்குது."

"தம்பி, சாந்து இறுகுது!" என்று மாமா கூப்பிட்டார். அவன் எழும்பி, அம்மா சோறு வைத்திருப்பா, சாப்பிடாமல் போகாதை என்று சொல்லிவிட்டு வெயிலுக்குள் போனான்.

அதற்குப் பிறகு நான் கொண்டு போகவில்லை. போனில் கதைப்போம். மழை, பந்தடி, யார் யாருக்குக் கலியாணம் என்று போகும். வேலையில் விளங்காத இடம் வந்தால் நானே இருந்து, பிழைவிட்டு, திரும்பச் செய்து, ஒரு மாதிரி முடிக்கிறேன். அதில் அனேகமானவை அவன் ஒரு நிமிசத்தில் சொல்லிவிடக்கூடியவை. அது தெரிந்துகொண்டுதான் செய்கிறேன்.