நாளைக்கு மழையா என்று ஸ்பானிஷில் கேட்டார்கள்

மொழிபெயர்ப்பு வேலையில இருக்கற சக பாவிகளுக்குத் தெரியும்: பேசினவர் தப்பிச்சுடுவார், எடுத்துச் சொன்னவதான் மாட்டிக்குவா.

நான் மாட்டினது ஒரகடத்துல, ஒரு பார்ட்ஸ் கம்பெனியில. ஸ்பெயின்லேர்ந்து ஒரு மெஷின் வந்தது, கூடவே ஹவியேர்னு ஒரு இன்ஜினியர். மெஷின் வாசல்ல நுழையாத உயரம். ஷெட்டோட கூரைத் தகடைக் கழட்டி, கிரேன் வச்சு மேலேர்ந்து இறக்கணும். நனைஞ்சா போச்சு. நானோ கான்ட்ராக்ட். மெஷின் நனையாம உட்கார்ந்தா என்னை பர்மனன்ட் பண்றேன்னுட்டார் மேனேஜர். ஹவியேர் தினமும் கேப்பார், “மன்யானா வா அ யொவேர்?” நாளைக்கு மழை பெய்யுமான்னு அர்த்தம்.

எந்த இடம்?

டிவியில சொன்னதை அப்படியே ஸ்பானிஷ்ல சொன்னேன்: ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும். இத்தனை வருஷமா இதைக் கேட்டு வளர்ந்தவ நான், ஒரு நாளும் எனக்கு அந்தச் சந்தேகம் வந்ததில்லை. ஹவியேர் கேட்டார்: “அந்த ரெண்டு இடம் எது? அதுல ஒரகடம் இருக்கா?”

கிரேன் பூஜை

கிரேன் வந்த அன்னிக்கு சூப்பர்வைசர் தணிகாசலம் அண்ணன் அதுக்குப் பொட்டு வச்சு, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு, பூசணிக்காயும் உடைச்சார். மழை வராம இருக்கத்தானேன்னு ஹவியேர் ஆசையாக் கேட்டார். நான் தமிழ்ல கேட்டதும் அண்ணன் சொன்னார்: “இது கிரேனுக்குமா. மழை வேற டிபார்ட்மென்ட்னு சொல்லு.”

ஈர பஸ்

எங்க ஆளுங்களுக்கு ஒரு கணக்கு கீது. மண்ணூர் பக்கத்துலேர்ந்து வர்ற கம்பெனி பஸ் ஈரமா வந்தா, பின்னாடியே மழை வருதுன்னு அர்த்தம். மெஷினை இறக்க வேண்டிய அன்னிக்குக் காலையில பஸ் சொட்டச் சொட்ட வந்து நின்னுது. அண்ணன் வேலையை நிறுத்தச் சொன்னார், நான் ஸ்பானிஷ்ல கத்தினேன், கிரேன்காரர் கிளம்பிப் போயிட்டார். அப்புறம் பார்த்தா வெயில் மண்டையைப் பொளக்குது.

பஸ்ல வந்தவங்களைக் கேட்டிருக்கலாம். அவங்க தூங்கிக்கினு வந்திருக்காங்க. மத்தியானம் டிரைவரைப் பிடிச்சோம். அவர் சாவகாசமாச் சொன்னார்: “மழையா? இன்னிக்கு வெள்ளிக்கிழமையாச்சே, வண்டியக் கழுவிக்கினு வந்தேன்.”

நானே சொன்னது

மறுநாள் ஹவியேர் என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டுக் கேட்டார், இன்னிக்குப் பெய்யுமா, பெய்யாதா. அண்ணனைக் கேட்டா, வந்தா வரும்னார். அதை ஸ்பானிஷ்ல சொன்னா அந்த மனுஷன் அழுதுடுவார். யாரையும் மொழிபெயர்க்காம, பெய்யாதுன்னு நானே சொல்லிட்டேன்.

கிரேன்காரர் திரும்ப வந்தார், கூரை கழண்டது. மெஷின் பாதி இறங்கும்போது பென்னலூர் பக்கம் கருத்துக்கினு வந்தது. கடைசித் தகடுக்கு போல்ட் போட்டுட்டு ஆளுங்க இறங்கினாங்க, ஊத்து ஊத்துன்னு ஊத்திச்சு. மெஷின் மேல ஒரு சொட்டு இல்லை. சந்தோஷத்துல வெக்கமில்லாம அழுதுட்டேன். மேனேஜர் குடையோட வந்து கைகொடுத்தார்: “நீ பர்மனன்ட்மா. ஆமா, அடுத்த மாசம் என் பொண்ணு ரிசப்ஷனைத் திறந்த வெளியில வைக்கலாமா?”

ஸ்பானிஷ் படிச்சு வேலைக்கு வந்தவ நான், இப்போ லேசா மேகம் கூடினாலும் கம்பெனியில ஒருத்தரும் வானத்தைப் பார்க்கறதில்லை, என்னைத்தான் பார்க்கறாங்க.