மாஸ்டர் வயிற்றில் குடியிருந்த கிருமி

திண்டிவனம் பக்கம் கல்யாணச் சமையல் என்றால் சுப்பராயலு மாஸ்டர்தான். ஆயிரம் பேர் வயிற்றை நிரப்பி அனுப்புகிறவருக்குத் தன் வயிற்றோடு மட்டும் ஒத்துப்போகவில்லை. நாலு வாய் சோறு உள்ளே போனால் போதும், வயிறு தவில் மாதிரி உப்பிக்கொள்ளும். ஏப்பம் விட்டால் அடுப்படியே திரும்பிப் பார்க்கும். ஜெலுசில், ஓமத்தண்ணி, கோலி சோடா என்று பல வருஷம் ஓட்டினார்.

எல்லாம் சம்சாரம் அம்சா வைக்கிற புளிக்குழம்பால் வந்த வினை என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார். ஊருக்கே சமைக்கிறவர் சொன்னால் யார் மறுப்பார்கள்? அம்சாவும் புளியைக் குறைத்தாள், மிளகாயைக் குறைத்தாள், கடைசியில் வெறும் கஞ்சி வைத்தாள். ஏப்பம் குறையவில்லை.

2006இல் வலி பொறுக்காமல் விழுப்புரத்தில் ஒரு டாக்டரிடம் போனார்கள். அவர் வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, துளி சதை எடுத்துச் சோதித்தார். இரைப்பையில் பாக்டீரியாக் கிருமி இருக்கிறது, சின்ன வயசிலேயே தொற்றியிருக்கும், பலபேரை ஒன்றும் செய்யாது, சிலரை இப்படிப் படுத்தும் என்றார்.

அம்சா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அப்ப கொழம்பால வந்தது இல்லீங்களா டாக்டர்?"

"கொழம்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா."

"அத அவரு மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

டாக்டர் சொன்னார். மாஸ்டர் சுவரில் மாட்டியிருந்த குடல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரெண்டு வாரத்துக்கு மாத்திரை, நடுவில் நிறுத்தவே கூடாது. அதைப் போட்டதும் பித்தளையை நக்கினாற்போல வாயெல்லாம் கசந்தது. அந்த நேரம் பார்த்து ஓமந்தூரில் கல்யாணம். சாம்பாரை உள்ளங்கையில் விட்டு நக்கினார்; உப்பும் தெரியவில்லை, உறைப்பும் தெரியவில்லை. உதவியாள் கண்ணையன் வாயில் எப்போதும் புகையிலை. வேறு வழியில்லாமல் வீட்டுக்குப் போன் போட்டார்.

அம்சா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஒரு கரண்டி சாம்பார் வாங்கி, கண்ணை மூடி, நிதானமாகச் சப்புக்கொட்டினாள்.

"புளி தூக்கலா இருக்குது. இது உங்க கைவேலதான?"

மாஸ்டர் பருப்பும் ஒரு கட்டி வெல்லமும் சேர்த்தார். பந்தியில் கேட்டுக் கேட்டு ஊற்றிக்கொண்டார்கள்.

மாத்திரை முடிந்து ஒரு மாசம் கழித்துச் சோதித்தபோது கிருமி இல்லை. வயிறு அடங்கியது, வாய்க்கு ருசியும் திரும்பியது. ஆனாலும் அடுத்த முகூர்த்தத்துக்குப் பாத்திர வண்டி கிளம்பும்போது அம்சா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் பின்னால் போய் அண்டாக்களுக்கு நடுவில் ஏறிக்கொண்டார்.