பந்து வராத ஆட்டம்

மில்லில் எனக்கு வேலை கிடைத்தது என் உயரத்தால்தான். நிலக்கோட்டைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மல்லிகைத் தோட்டம் இருந்தது. குனிந்து பூப்பறித்தால் எனக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். இம்புட்டு நெட்டையா வளர்ந்து என்னத்துக்கு ஆச்சு என்று அப்பா சலித்துக்கொள்வார். நான் பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து ஆடியதைப் பார்த்த யாரோ சொல்லி, திண்டுக்கல்லில் ஒரு நூல் மில்லில் கூப்பிட்டு டைம் ஆபீசில் உட்கார வைத்தார்கள். ஐம்பதுகளின் கடைசி அது. சொந்தமாக அணி வைத்துக்கொள்வதை மில்காரர்கள் கௌரவமாக நினைத்த காலம். காலையில் ஆள் வருகையைக் குறித்து முடித்தால் மதியத்துக்குமேல் மைதானம்தான். சம்பளம் ஆபீஸ் வேலைக்கு என்று பெயர். ஆட்டத்துக்குத்தான் கொடுக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அணியில் மூத்தவர் ஒருவர் இருந்தார், அவர்தான் கேப்டன். வயது முப்பத்துநாலு. பட்டாளத்தில் இருந்தபோது அங்கே ஆடக் கற்றுக்கொண்டு வந்தவர். குள்ளம், உச்சியில் வழுக்கை. எதிரணி வளையத்தை நோக்கிப் பந்தை எடுத்துப்போய், யாருக்குக் கொடுக்க வேண்டுமோ அவனுக்குக் கொடுப்பது அவர் வேலை. இப்போது அந்த இடத்துக்கு ஏதேதோ பெயர் சொல்கிறார்கள். நாங்கள் "எடுத்துப் போறவர்" என்போம். ஒரு ஆட்டத்தில் அவர் தானாகப் போடுவது இரண்டு புள்ளி, மிஞ்சினால் நாலு. நான் இருபதுக்குக் குறையாமல் போடுவேன். ஆட்டம் முடிந்ததும் ஜனங்கள் என்னைத்தான் தூக்குவார்கள். அவர் ஓரமாக உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருப்பார்.

அவர் நல்ல மனிதர் என்று சொல்ல மாட்டேன். வாய் பொல்லாத வாய். ஒருமுறை பூ ஏற்றி வந்த வேனில் தொற்றிக்கொண்டு என் அண்ணனும் மாமாவும் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேரும் என் ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். அவர் கொடுத்த பந்து ஒன்று என் கையில் பட்டு நழுவி வெளியே போனது. ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஊர்க்காரர்கள் காதில் விழும்படி கேட்டார்.

"ஏலே, பனமரம் மாதிரி வளந்தாப் போதுமா? கையை எங்க வச்சிருந்த? போய் மாடு மேயி."

என்னை உட்கார வைத்துவிட்டு வேறொருவனை இறக்கினார். அண்ணன் எழுந்து வேனுக்குப் போய்விட்டான். அந்த ஒரு வார்த்தையை நான் இரண்டு வருஷம் வயிற்றுக்குள் வைத்திருந்தேன்.

பிறகு புது மேனேஜர் வந்தார். முதலாளிக்குச் சொந்தம், சின்ன வயது. கூடைப்பந்து தெரியாது, ஆனால் ஸ்கோர் புத்தகம் படிக்கத் தெரியும். என்னைக் கூப்பிட்டு, வருஷம் பூராவும் நடந்த ஆட்டங்களில் அந்த மூத்தவரின் பெயருக்கு நேரே இருந்த இரண்டு, நாலு, சைபர் எல்லாவற்றையும் விரல் வைத்துக் காட்டினார். இவரை எதற்கு வைத்திருக்கிறோம் என்று கேட்டார்.

பதில் எனக்குத் தெரியும். எனக்கு இடது கை வராது. அது வெளியே தெரியாதபடி, நான் திரும்பி முடிக்கும் முன்பே பந்தை என் வலது தோளுக்கு நேரே வந்து நிற்க வைப்பவர் அவர். நான் செய்ததெல்லாம் அதை உயர்த்தி வளையத்துக்குள் போட்டது மட்டும். எங்களுக்கு மூச்சு வாங்கினால் நடுவரிடம் ஏதாவது கேட்டு நேரத்தைக் கடத்துவார். எதிரணியில் எவன் கோபக்காரன் என்று ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்து அவன் பக்கமாகவே ஆட்டத்தைக் கொண்டுபோவார். இதெல்லாம் புத்தகத்தில் ஏறாது. சொல்வதற்கு என் நாக்கு நுனியில் இருந்தது.

"கால் மெதுவாப் போகுது சார்," என்றேன். "நாங்க அவருக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கு."

அந்த வாரமே அவரை அணியிலிருந்து எடுத்தார்கள். ஸ்டோரில் எழுத்து வேலை பார்த்தவரைப் பஞ்சு உடைக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். மில்லிலேயே ஆள் நிற்கப் பயப்படுகிற இடம் அது. அவர் இடத்துக்கு ஒரு கல்லூரிப் பையனைப் பிடித்து வந்தார்கள். நான் கேப்டன் ஆனேன். எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. மில்லுக்குச் சொந்தமான வரிசையில் அவர் குடியிருந்த லைன் வீட்டை எனக்குக் கொடுத்தார்கள்.

நானும் என் மனைவியும் சாமான்களோடு போய் இறங்கியபோது அவர் வீட்டில் இல்லை. அவர் மனைவி இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். பாலசமுத்திரத்துக்காரர். கோபமாக ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

"அடுப்பு இன்னும் ஆறலைங்க," என்றார். "கொஞ்சம் பொறுத்துச் சாமானை உள்ள வைங்க."

நான் பொறுக்கவில்லை. வண்டிக்காரன் அவசரப்படுத்தினான் என்று சாக்குச் சொல்லலாம். அவர் கடைசிச் சாக்கைத் தூக்குமுன் எங்கள் டிரங்குப் பெட்டி உள்ளே போயிருந்தது.

கல்லூரிப் பையன் அழகாக ஆடினான். காலுக்கிடையில் பந்தைத் தட்டுவான், முதுகுக்குப் பின்னால் மாற்றுவான், ஜனங்கள் விசில் அடிப்பார்கள். பந்து மட்டும் எனக்கு ஒரு நொடி தாமதமாக வரும். அதற்குள் எதிராளி என் வலது பக்கம் வந்து நின்றிருப்பான். இடது கையால் போட முயன்று நான் படும் பாட்டை மதுரை, பழனி, போடி என்று எல்லா ஊரும் பார்த்துவிட்டது. நான் போடும் புள்ளி பத்துக்குக் கீழே இறங்கியது. நாங்கள் ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே தோற்றோம். சாதாரண அணிகளிடமெல்லாம் தோற்றோம்.

எட்டு மாதம் கழித்து எங்கள் மில் மைதானத்திலேயே போட்டி வைத்தார்கள். முதலாளி வந்து பார்ப்பதாக இருந்தது. மேனேஜருக்குப் பயம் வந்துவிட்டது. பழைய ஆளைக் கூட்டி வா, ஜெயித்துக் கொடுத்தால் ஸ்டோர் வேலையைத் திருப்பித் தருகிறேன் என்று சொல் என்றார். என்னையே அனுப்பினார்.

பஞ்சுப் பிரிவுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. ஆள் முகம் தெரியாதபடி தூசி. வாயைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார். புருவத்தில், காது மயிரில் எல்லாம் பஞ்சு. விஷயத்தைச் சொன்னேன். துண்டை இறக்கி ஒரு மூச்சு இருமிவிட்டுக் கேட்டார்.

"மேனேஜர் கூப்பிடுறாரா, நீ கூப்பிடுறியா?"

"நானுந்தான்ணே."

"சரி, வாரேன்."

அவ்வளவுதான். மனசில் எதையும் வைத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு ஆட்டங்களும் பழையபடியே நடந்தன. அவர் ஓடவே இல்லை. நடந்தார், நின்றார், இருமினார். ஆனால் பந்து என் வலது தோளுக்கு நேரே வந்து நின்றது. இரண்டிலும் இருபதைத் தாண்டினேன். மைதானமெங்கும் என் பெயர். என் மனைவி லைன் வீட்டு வாசலில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டதாகச் சொன்னாள்.

இறுதி ஆட்டம் ஒரு மதுரை அணியோடு. முதலாளி நடு நாற்காலியில். மாமனார் வீட்டிலிருந்து ஒரு கூட்டமே வந்திருந்தது, என் அண்ணனும்கூட. அவர் பந்தை எடுத்து வந்தார். என்னைப் பார்த்தார். முந்தைய ஆட்டங்களைப் பார்த்திருந்த மதுரைக்காரர்கள் இரண்டு பேர் உடனே என்மேல் வந்து அடைத்தார்கள். பந்து எதிர்ப்பக்கம் போனது. அங்கே எங்கள் ஆள் தனியாக நின்றான். போட்டான். அடுத்த முறையும் என்னைப் பார்த்தார். பந்து வேறொருவனுக்குப் போனது. மறுபடியும் அப்படியே. நான் கையை நீட்டிக்கொண்டே நின்றேன். இடைவேளை வரை ஒரு பந்துகூட எனக்கு வரவில்லை. நாங்கள் பன்னிரண்டு புள்ளி முன்னால் இருந்தோம்.

இடைவேளையில் அவர் தலை குனிந்து இருமிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய், அண்ணே, எனக்குப் பந்தே வரலையே என்றேன்.

"நீ சும்மா நின்னாப் போதும்லே," என்றார் நிமிராமல். "ரெண்டு பேரு உங்கூடவே நிக்கிறான்ல."

ஆட்டக் கணக்குப்படி அது சரி. அதைவிடச் சரியாக யாரும் ஆடியிருக்க முடியாது. அதனால்தான் யாரிடமும் புகார் சொல்ல முடியவில்லை. இரண்டாம் பாதியில் கூட்டத்துக்கும் புரிந்துவிட்டது. பந்து ஒவ்வொரு முறையும் என்னைத் தாண்டிப் போகும்போது சிரித்தார்கள். "கொக்கு மீனுக்கு நிக்குது" என்று ஒருவன் கத்த, அதையே பிடித்துக்கொண்டார்கள். அண்ணன் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். ஒருமுறை மட்டும் மதுரைக்காரன் என்னைத் தள்ளிவிட்டதற்காக, யாரும் மறிக்காமல் வளையத்தில் போட எனக்கு இரண்டு தனி வீச்சு கிடைத்தது. ஒன்று விழுந்தது. நாங்கள் ஜெயித்தோம். புத்தகத்தில் என் பெயருக்கு நேரே ஒன்று.

முதலாளி போன பிறகு டீயும் மிக்சரும் கொடுத்தார்கள். மேனேஜர் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும் அவரிடம் கேட்டார், கேப்டனுக்கு என்ன ஆச்சு என்று. அவர் டம்ளரைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கை நல்ல கைதான் சார். கால்தான் மெதுவாப் போகுது."

எட்டு மாதத்துக்கு முன் நான் சொன்னதை மேனேஜர் அவரிடம் அப்படியே சொல்லித்தான் வெளியே அனுப்பியிருந்தார் என்பது அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிந்தது. மேனேஜர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். என் கையில் மிக்சர் இருந்தது. தின்னவும் முடியவில்லை, போடவும் முடியவில்லை.

அடுத்த மாதம் நான் அணியில் இல்லை. என்னையும் பஞ்சுப் பிரிவில் போட்டார்கள். லைன் வீட்டை அவருக்குக் கொடுக்க வந்தபோது அவர் மனைவி அந்த வீட்டில் கால் வைக்க மாட்டேன் என்றுவிட்டார். அது கல்லூரிப் பையனுக்குப் போனது. என் மனைவி ஏழு மாதக் கர்ப்பம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு தோல் கிடங்குக்குப் பின்னால் அறை பிடித்தோம். அவள் அந்த வாடையில் எதைத் தின்றாலும் வாந்தி எடுத்தாள். மாமனார் ஆள்மேல் ஆளாகப் பிடித்து நாலு மாதத்தில் என்னைத் திரும்ப டைம் ஆபீசில் உட்கார வைத்தார். மைதானத்துக்கு மட்டும் நான் போகவில்லை.

அவர் ஸ்டோரில் இருந்துகொண்டு இன்னும் இரண்டு வருஷம் ஆடினார். அணி அந்த இரண்டு வருஷமும் யாரிடமும் தோற்கவில்லை என்றே சொல்லலாம். ஒரு பாதி முழுக்க ஆட முடியாமல் போனபோதும் கடைசி ஐந்து நிமிஷத்துக்கு இறக்கினார்களாம். பிறகு அதுவும் முடியவில்லை. நெஞ்சு பூராவும் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

நாலு சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். கட்டிலில் பாதி ஆளாகக் கிடந்தார். அவர் மனைவி எழுந்து எனக்கு ஸ்டூலைத் தள்ளினார். நான் உட்காராமலே, அண்ணே, அன்னைக்கு அப்படிச் சொன்னது தப்பு என்றேன். பல நாள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தது, இவ்வளவுதான் வாயில் வந்தது.

அவர் இருமி முடித்தார்.

"ஆட்டம் தெரியாதவன் சொல்லியிருந்தா விட்டிருப்பேன்," என்றார். "உனக்குத் தெரியும்லே."

பிறகு பழத்தைப் பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுத்துவிடும்படி மனைவியிடம் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த அம்மாள் என் கையிலிருந்து பையை வாங்கி, ஒவ்வொன்றாக எடுத்து அந்தக் கட்டிலின் தலைமாட்டில் வைத்தார். நான் நாலாவது பழம் வரை நின்றேன்.

மழைக்காலத்தில் அவர் இறந்தார். மனைவியின் ஊரான பாலசமுத்திரத்துக்குக் கொண்டுபோனார்கள். மேனேஜர் ஒரு வண்டி ஏற்பாடு செய்து, அணியில் இருக்கிற ஆட்கள் மட்டும் போகலாம் என்று பட்டியல் அனுப்பினார். பட்டியல் டைம் ஆபீசுக்கு வந்தது. போனவர்கள் எல்லோருக்கும் அன்றைக்கு வேலைநாள் என்று நான்தான் குறித்தேன்.