சிவப்பு அடித்த பிரேக்

போன வாரம் கும்மிடிப்பூண்டி மேம்பாலத்து இறக்கத்தில் எங்கள் கம்பெனி பஸ் நின்றது. முன்னால் ஒரு டிரெய்லர் திரும்ப முடியாமல் திரும்பிக்கொண்டிருந்தது. என் ஜன்னலுக்குக் கீழே ஒரு கார் வந்து, நிற்க மனமில்லாமல் நின்றது. முதலில் வந்தது வாசனைதான். அடுப்பில் வெந்தயத்தை மறந்துவிட்டால் ஒரு கருகல் வரும் இல்லையா, அதோடு கொஞ்சம் முடியும் சேர்ந்து எரிந்தால் எப்படியிருக்கும், அப்படி. பக்கத்து சீட்டுக்காரர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். நான் தலையை வெளியே நீட்டினேன். பெரிய சக்கரங்கள், விரித்த கைவிரல் மாதிரி ஐந்து கம்பி வைத்த அலாய் வீல். அந்த விரலிடுக்கு வழியாக உள்ளே பிரேக் தட்டு தெரிந்தது, பெரிய வாழையிலையில் வைத்த ஒற்றை அப்பளம் போல. "சார், பிரேக்கையும் மாத்திடுங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டிரெய்லர் வழிவிட்டுவிட்டது.

உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, சின்ன விஷயம்தான். திருவிழாவில் ராட்டினம் பார்த்திருப்பீர்கள். சுற்றுகிற ராட்டினத்தை வெளி ஓரத்தில் பிடித்து நிறுத்திவிடலாம். நடுத்தண்டைப் பிடித்து நிறுத்திப் பாருங்கள், தோள் கழன்றுவிடும். காரில் பிரேக் அந்த நடுத்தண்டில்தான் இருக்கிறது. சக்கரம் பெரிதாகவும் கனமாகவும் ஆக ஆக, அதே பழைய பிரேக்கின் பிடி குறைந்துகொண்டே போகும். அதனால் பெரிய சக்கரம் போட்டால் பிரேக் தட்டையும், அதை இரண்டு பக்கமும் கவ்வுகிற காலிப்பரையும் பெரிதாக மாற்ற வேண்டும். யாரும் மாற்றுவதில்லை. சக்கரத்தைத் தெருவே பார்க்கிறது, பிரேக்கை யார் பார்க்கிறார்கள்?

எனக்கு இது தெரியும். இருபத்தைந்து வயதில் திருவள்ளூரில் காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டை ஒட்டியிருந்த ஒரு டயர் கடையில் வேலை பார்த்தேன். முதலாளி பாதி நாள் ஆவடியில் இருப்பார், கடை நான்தான். எஸ்டேட் பக்கமிருந்து பிளாஸ்டிக் உருகுகிற வாடை வரும், தகடு வெட்டுகிற சத்தம் வரும். அடுக்கி வைத்த புது டயர்களுக்கு நடுவே உட்கார்ந்துதான் மத்தியானச் சோறு தின்பேன். இன்றைக்கும் செருப்புக் கடைக்குள் நுழைந்தால் அந்த ரப்பர் வாசனைக்கு எனக்குப் பசிக்கிறது. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள், உங்களிடம் சொல்லலாம்.

அந்தக் கடையில் எங்களுக்கு ஒரு வார்த்தை இருந்தது. செட்டாயிடும். புது பிரேக் பட்டை மாட்டினால் கொஞ்ச தூரத்துக்குச் சரியாகப் பிடிக்காது, தட்டோடு உரசி உரசித்தான் பழகும். வண்டிக்காரர் பயந்துபோய்த் திரும்பி வருவார். "ஓட ஓட செட்டாயிடும் சார்" என்போம். அது உண்மை. உண்மையாக இருந்ததால்தான் எல்லாவற்றுக்கும் அதைச் சொல்லிப் பழகினோம். ஸ்டீரிங் இழுக்கிறதா, செட்டாயிடும். டீயில் சர்க்கரை குறைவா, செட்டாயிடும். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தடுத்துப் போய், நான் ஒரு தகரப் பெட்டியோடு இந்த ஊருக்கு வந்திறங்கியபோது டீக்கடைக்காரர்கூட இதையேதான் சொன்னார். எனக்கு இன்னும் செட்டாகவில்லை. வீடு மாற்றிக்கொண்டே இருக்கிறேன்.

ஸ்டீபன் தன் வண்டிக்குப் பஞ்சர் போடக் கடைக்கு வந்தவன். பழைய வெள்ளைக் காரில் திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிப்போவான். அவன் தாத்தா காலத்தில் அடுத்தவர் நெல் வயலில் வேலை, அப்பா காலத்தில் இரும்புக் கம்பெனி, இவன் காலத்தில் சொந்த ஸ்டீரிங். முதல் நாளே ஸ்பேனரை என் கையிலிருந்து பிடுங்கி, "இன்னா மச்சி, நட்டுக்கு முத்தம் குடுத்துக்குனு கீற, நல்லா முறுக்கு" என்றான். மூன்றாம் நாள் அவன் வீட்டில் சாப்பிட்டேன். அவன் அம்மா ராணிம்மா என்னை, பெற்ற பிள்ளையைப் போல, "நைனா" என்று கூப்பிடுவார். அந்த ஒரு சொல்லுக்காகவே வாரத்தில் இரண்டு நாள் போவேன். குழம்பு சுமார்தான்.

அவனுக்கு அமலாவைப் பிடித்திருந்தது. திருவாலங்காடு பக்கத்துப் பெண், கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வேலை. அவளுக்கும் சம்மதம். அவள் அப்பா லாரி மோதி இறந்தவர். அண்ணன்தான் முடிவு சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் கேட்க வரச் சொல்லியிருந்தான். "எனக்கு அண்ணன் தம்பின்னு யாரு கீறாங்க, நீதான் முன்னாடி உக்காந்துகினு வரணும், நீதான் பேசணும்" என்றான் ஸ்டீபன். என்னை எந்த வீட்டு விசேஷத்துக்கும் யாரும் முன்சீட்டில் கூப்பிட்டதில்லை. அன்றைக்கே சட்டையை இஸ்திரி போட்டுவிட்டேன். ஞாயிறுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

பெரிய சக்கரம் போடலாம் என்று சொன்னது அவன் இல்லை, நான். ஒரு வாடிக்கையாளர் வேண்டாமென்று கழற்றிப் போட்ட அலாய் வீல் கடையில் கிடந்தது. பதினாலு இஞ்ச் சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பதினாறு மாட்டினோம், டயரும் கொஞ்சம் உயரம். பிரேக்? அதே காரின் விலை கூடின மாடலில் வருகிற பெரிய தட்டும் காலிப்பரும் அப்படியே பொருந்தும். சென்னைக்குப் போன் செய்தேன், செவ்வாய்க்கிழமை வரும் என்றார்கள். நாங்கள் போக வேண்டியது ஞாயிறு.

கம்பி இடுக்கில் துருப்பிடித்த சின்னக் காலிப்பர் அசிங்கமாகத் தெரிந்தது. அதற்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? ஸ்ப்ரே டப்பாவை எடுத்துச் சிவப்பு அடித்தேன். ரேஸ் வண்டிகளில் அப்படித்தான் இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய பிரேக் போட்ட மாதிரியே இருந்தது. நான்கடி தள்ளி நின்று பார்த்துவிட்டு எனக்கே அப்படித் தோன்ற ஆரம்பித்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அவன் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தான். இறங்கி, சக்கரத்தைத் தடவினான், சிரித்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"மச்சி, பிரேக்கு கொஞ்சம் லேட்டா புடிக்குதே?"

செவ்வாய் வரைக்கும் பழைய சக்கரத்தைத் திரும்ப மாட்டலாம் என்று சொல்லியிருக்கலாம். நாலு சக்கரம், அரை மணி நேர வேலை. அவன் முகத்தைப் பார்த்தேன். நாளைக்கு அந்த வீட்டு வாசலில் நாங்கள் போய் இறங்குகிற காட்சியையும் பார்த்தேன். அதில் நானும் இருந்தேன்.

"புதுசுல அப்டித்தான்" என்றேன். "ஓட ஓட செட்டாயிடும்."

புதுசாக நான் எதையுமே மாட்டவில்லை, பெயின்ட்டைத் தவிர.

ஞாயிறு காலை பூசை முடிந்து கிளம்பினோம். பின்சீட்டில் ராணிம்மாவும், ஸ்டீபனின் மாமாவும், மடியில் பழத்தட்டுகளும். முன்சீட்டில் நான். மாமா வழியெல்லாம் பெண்வீட்டில் எப்படிப் பேச வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். "ரொம்ப சிரிக்காத. இளிச்சவாயன்னு நெனச்சிக்குவாங்க." நான் கேட்கவில்லை. ஒவ்வொரு வேகத்தடைக்கும் என் வலது கால் தானாகத் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. ஸ்டீபன் பார்த்துவிட்டான். "இன்னாடா, நீயே வண்டி ஓட்றியா?" என்றான். பின்சீட்டில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று வரிசையின் கடைசியில் நின்றது. ஸ்டீபன் மிதித்தான், சரியான நேரத்தில்தான் மிதித்தான். அதை நான் எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் சொல்வேன், எந்தக் கோர்ட்டும் என்னைக் கூப்பிடவில்லை. வண்டி வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. வைக்கோல் பெரிதாகிக்கொண்டே வந்தது. கண்ணாடி முழுவதும் மஞ்சளாகி, பிறகு சத்தம். வைக்கோலுக்குக் கீழே டிரெய்லரின் இரும்புச் சட்டம் இருந்தது.

உயிருக்கு ஒன்றுமில்லை. ராணிம்மாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. பழங்களெல்லாம் காலடியில் நசுங்கிக் கிடந்தன. இறங்கி முன்சக்கரத்தைப் பார்த்தேன். சிவப்பு பெயின்ட் பொரிந்து புகைந்துகொண்டிருந்தது. அந்த வாசனைதான் போன வாரம் வந்தது.

திருவள்ளூர் பெரியாஸ்பத்திரியில், எக்ஸ்ரே எடுக்கிற அறைக்கு வெளியே, ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சேதி கேட்டு அமலாவின் அண்ணன் பைக்கில் வந்துவிட்டான். கோபமாக வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஸ்டீபன் நாப்பதுலதான் வந்தன்றான். டிராக்டர்காரன், காரு வேகமா வந்துச்சுன்றான். சக்கரம் மாட்னது நீதானாமே?"

"ஆமாண்ணா."

நாற்பது என்று மீட்டர் முள் காட்டியிருக்கும். முள்ளுக்குப் பழைய சக்கரத்தின் கணக்குத்தான் தெரியும். பெரிய சக்கரம் ஒரு சுற்றுக்குக் கூடுதல் தூரம் ஓடும், முள் குறைத்தே காட்டும். அதையும் நான் ஸ்டீபனுக்குச் சொல்லியிருக்கவில்லை.

"எங்கப்பா ரோட்டுலதான் போனாரு. அதனாலதான் உன்னக் கேக்கறன். வண்டில எதுனா கோளாறா, இல்ல ஓட்னவன் கோளாறா? நீ சொன்னா நம்பறன்."

முதலாளி முகம் வந்தது. கடை வந்தது. போலீஸ் வந்தது. ஒரு நிமிஷம் எல்லாம் வந்து போயிற்று.

"வண்டில ஒண்ணும் இல்லண்ணா. நல்லாதான் இருந்துச்சு."

"அப்ப சரி" என்று எழுந்தான் அவன்.

நிமிர்ந்தபோது எக்ஸ்ரே அறை வாசலில் ஸ்டீபன் நின்றுகொண்டிருந்தான், ஈரம் காயாத படத்தை ஓரத்தில் பிடித்துக்கொண்டு. என்னைப் பார்த்தான். பிறகு அண்ணனிடம் திரும்பி, "நாந்தாண்ணா லேட்டா மிதிச்சிட்டன்" என்றான்.

அமலாவுக்கு வேறு இடத்தில் முடிந்தது. ஸ்டீபனை "வேகக்காரன்" என்று பேச ஆரம்பித்தார்கள். ஷிப்ட் பெண்கள் இரண்டு பேர் அவன் வண்டியில் ஏற மாட்டோம் என்றார்கள். அவன் என்னிடம் சண்டை போடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் முன்போலவே கடைக்கு வந்தான், ஆனால் நடந்து வந்தான். வண்டி எங்கே என்றால், "ஊட்ல கீது" என்பான். ஒரு நாள் கடையின் பின்பக்கச் சந்து வழியாகப் போனபோது பார்த்தேன், சுவரோரமாக வெள்ளைக் கார் நின்றிருந்தது. பழைய பதினாலு இஞ்ச் சக்கரங்களை அவனே மாட்டியிருந்தான். நான் தொட்டுவிடக்கூடாது என்று அங்கே நிறுத்தியிருக்கிறான், அது எனக்குத் தெரிந்துவிடக்கூடாது என்று நடந்து வந்திருக்கிறான்.

ஒரே ஒரு தடவை ஆரம்பித்தேன். "ஸ்டீபன், அன்னிக்கு ஆஸ்பத்திரில..."

"டீ சொல்லு மச்சி" என்றான். "சக்கரை கம்மியா."

இன்றைக்கு அந்த டயர் கடை இல்லை. அந்த இடத்தில் கண்ணாடி வைத்த மொபைல் ஷோரூம் இருக்கிறது. ராணிம்மாவும் அவனும் ஆந்திரா பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள், தடா என்றார் ஒருவர், சூலூர்பேட்டை என்றார் இன்னொருவர். கும்மிடிப்பூண்டியிலிருந்து இரண்டுமே பக்கம்தான். நான் போகவில்லை. என்னை "நைனா" என்று கூப்பிட இந்த ஊரில் இப்போது யாருமில்லை. பின்பக்கச் சந்தில் மாடிவீடுகள் வந்து, கார் நிறுத்துகிற அகலமே போய்விட்டது.

அவன் கடைசியாக வந்தது ஒரு மழை ஞாயிறு. வந்தான் என்று எப்படிச் சொல்வது? கடையில் காத்திருந்தேன், பதினொன்றாயிற்று, பன்னிரண்டாயிற்று. காலையிலிருந்து தூறல் விடவில்லை. பின்னால் ஒரு வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டு, தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு சந்துக்கு ஓடினேன். யாருமில்லை. சந்து முழுக்க நனைந்திருக்க, சுவரோரம் மட்டும் ஒரு கார் நீளத்துக்குத் தரை காய்ந்து வெளுப்பாகக் கிடந்தது. மழைக்கு முன்பே வந்து, இவ்வளவு நேரமும் உள்ளேயே உட்கார்ந்திருந்திருக்கிறான். பார்த்துக்கொண்டே நின்றேன். ஒவ்வொரு புள்ளியாக விழுந்து, கொஞ்ச நேரத்தில் அந்த இடமும் மற்ற இடம் போல ஆகிவிட்டது.