நனையக் கூடாத கால்

நண்பகல் லுஹர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து வந்த என் கணவர், இடது காலில் செருப்பில்லாமல் வாசலில் நின்றார். கோடை காலம். காத்தான்குடி வீதிகளில் தார் இளகிக் கிடந்தது.

"மற்றச் செருப்பு எங்க?" என்று கேட்டேன்.

அவர் குனிந்து பார்த்தார். செருப்பு கழன்று விழுந்ததே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாப்பிள்ளைக்கு நினப்பெல்லாம் எங்க இரிக்கி?" என்று கிண்டல் செய்தேன். அவரும் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். அவர் நடந்த இடமெல்லாம் தரையில் ஈரம் படிந்தது. உள்ளங்காலில் கொப்புளம் உடைந்து தோல் கழன்றிருந்தது.

"வலிக்கல்லயா?"

"ஒண்டும் தெரியல்ல."

வலி இல்லை என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. வீட்டில் சீனி வருத்தக்காரரை (நீரிழிவு நோயாளியை) வைத்திருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்த ஆறுதலை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

கிளினிக்கில் டொக்டர் அவருடைய கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலோன் இழையால் பாதத்தைத் தொட்டுக்கொண்டே போனார். தொடுவது தெரிந்தால் சொல்ல வேண்டும். என் கணவர் வெகுநேரம் வாய் திறக்கவில்லை. நரம்புச் சிதைவு (சீனி கூடி, கால் நரம்புகள் உணர்வை இழப்பது) என்றார் டொக்டர். புண்ணுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, அது ஆறும்வரை கட்டின் மேல் தண்ணீர் படவே கூடாது என்று இரண்டு முறை சொன்னார். என் கணவர் தலையை ஆட்டினார். நானும் நம்பிவிட்டேன்.

என் கணவருக்குக் கடைத்தெருவில் ஒரு சாரன் (லுங்கி) கடை. வியாபாரத்தில் கொஞ்சம் அப்படி இப்படி இருந்தாலும் வுழூவில் (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவிச் சுத்தம் செய்வது) இம்மியும் பிசகமாட்டார். குதிகாலில் ஒரு பொட்டு நனையாமல் இருந்தாலும் திரும்பக் கழுவுவார். எனவே ஒவ்வொரு தொழுகைக்கும் கட்டை அவிழ்த்தார். கழுவினார். பிறகு தானே கட்டிக்கொண்டார். காலில் பொலித்தீன் பை சுற்றிவிட்டேன். அதையும் கழற்றினார்.

சட்டம் அவருக்குத் தெரியாததல்ல. காயத்தின் மேல் கட்டு இருந்தால் மற்ற இடங்களைக் கழுவி, கட்டின் மேல் ஈரக்கையால் தடவி, அதோடு தயம்மும் (தூய புழுதி மண்ணில் கையைத் தட்டி முகத்திலும் கைகளிலும் தடவுவது) செய்தால் போதும். பக்கத்துக் கடைக்காரர் கை முறிந்து கிடந்தபோது இதைச் சொல்லிக் கொடுத்தவரே இவர்தான்.

"அந்தச் சலுகை நோயாளிக்கி. எனக்கி நடக்க ஏலும், நிக்க ஏலும். வலியும் இல்ல. நான் என்ன நோயாளியா?"

"டொக்டர் சொன்னது காதுல விழல்லயா?"

"அல்லாஹ்ட கடமையில நீ கணக்குப் பாக்காத, புள்ள."

குளியலறையிலிருந்து தொழுகை விரிப்பு வரை, சிமெந்துத் தரையில் அவருடைய ஈரக் காலடிகள் ஒவ்வொரு வேளையும் புதிதாக விழுந்தன. ஒரு நாள் இடது காலடி மட்டும் மஞ்சளாக இருந்தது. மகள் பார்ப்பதற்குள் துடைத்துவிட்டேன்.

பிறகு வாடை வந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போக அத்தர் பூசி நின்றவரின் பக்கத்தில் போன மகள், மூக்கைச் சுளித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "உம்மா, வாப்பாக்கிட்ட என்னமோ மணக்குது." அவருக்கு அதுவும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது மாரி தொடங்கியிருந்தது. வார்ட் ஜன்னலுக்கு வெளியே வாவி பழுப்பாகப் பெருகி, கரைப் புல்லை மூடிக்கொண்டு வந்தது. பெருவிரலில் திசு அழுகல் (இரத்தம் ஓடாமல் சதை செத்துப்போவது) என்றார்கள். விரலை எடுத்தார்கள். கருமை நிற்கவில்லை. பாதத்தின் முன்பாதியையும் எடுத்தார்கள்.

சத்திரசிகிச்சை செய்த டொக்டர் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். "இந்தக் கால் நாள் முழுக்க ஈரத்துல இருந்திருக்கு. இனியும் நனைஞ்சா முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டி வரும். அவருக்குச் சொல்லி வைங்க, அம்மா."

சொல்லத் தேவை இருக்கவில்லை. அவர் தொழுவதையே விட்டுவிட்டார்.

தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்கும். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். நான் திருமணமாகி வந்த நாளிலிருந்து அவர் ஒரு வேளை விட்டு நான் கண்டதில்லை. கால் போனதைவிட இது என்னைக் கலங்கடித்தது. "படுத்துக்கொண்டாவது தொழுங்க" என்றேன்.

"அழுகின காலோட, கழுவவும் ஏலாம, அவன்ட முன்னால எந்த முகத்தோட போற?"

எனக்கும் அல்லாஹ்வோடு கோபம்தான். இதை எழுதப் பயமில்லை. எழுதாவிட்டாலும் அவனுக்குத் தெரியும். உன்னைத் தொழப்போய்த்தானே இந்த மனிதனுக்கு இப்படி ஆனது என்று கேட்டேன். துஆவுக்கு (இறைவனிடம் வேண்டுவதற்கு) கையேந்துவேன், ஒரு சொல்லும் வராது. வெறும் கையை ஏந்தியபடியே இருந்துவிட்டு எழும்புவேன். இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: சொல் வராவிட்டாலும் கையேந்துங்கள். அந்த நாட்களில் என்னிடம் மிஞ்சிய ஈமான் (இறைநம்பிக்கை) அவ்வளவுதான்.

அடுத்த கட்டிலில் கரடியனாறு கிராமத்து விவசாயி ஒருவர் கிடந்தார். அவருக்கும் சீனிதான், விரலில் தொடங்கி முழங்கால் வரை போயிருந்தது. அவருடைய மனைவியும் நானும் பிளாஸ்கில் தேநீர் பகிர்ந்துகொள்வோம். தயம்முமுக்குப் புழுதி மண் தேடுகிறேன், மழையில் எல்லா இடமும் சேறாய்க் கிடக்கிறது என்று அந்த அக்காவிடம் புலம்பினேன்.

"மண்ணா தங்கச்சி? எங்கட வயல் வட்டைக் காவல் குடிலுக்க மழை படாத மண் கிடக்கு. நாளைக்கு உடுப்பெடுக்கப் போறன், கொண்டாறன்."

கொண்டுவந்தார். மா அரிக்கும் அரிதட்டில் அதை அரித்து, மூடியுள்ள டப்பாவில் போட்டு வைத்தேன். டொக்டர் அம்மாவிடம் கேட்டேன். புண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள் என்றார். முகத்துக்கும் கைக்கும்தான் என்றேன். அப்படியென்றால் சரி என்றார்.

மாலை அஸருக்குப் பாங்கு சொன்னதும் டப்பாவைத் திறந்து அவர் மடியில் வைத்தேன். அவர் மண்ணை விரலால் கிளறிப் பார்த்தார். பிறகு உள்ளங்கைகளை அதில் தட்டி முகத்தில் தடவினார். மறுபடி தட்டிக் கைகளில் தடவினார். கரடியனாற்று மண் தாடியில் ஒட்டியிருந்தது.

"இவ்வளவு லேசாவா வச்சிருக்கான்?" என்றார். "நான் இதக் கேவலமா நினச்சிட்டேனே, புள்ள."

கட்டிலில் இருந்தபடியே தொழுதார். நான் பக்கத்தில் நின்று தொழுதேன். அன்று துஆவில் எனக்கும் சொல் வந்தது.

இரண்டொரு நாளில் அடுத்த கட்டில் காலியாகிவிட்டது. மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். அந்த அக்காவிடம் சொல்லிக்கொள்ளக்கூட வாய்க்கவில்லை.

இப்போது வீட்டில் இருக்கிறோம். கதிரையில் (நாற்காலியில்) இருந்து தொழுகிறார். முகம், கை, வலது கால் கழுவுவார், இடது காலில் கட்டின் மேல் ஈரக்கையால் தடவுவார், மண் தொடுவார். நனைந்த வலது காலை விரலிடுக்கு வரை நான் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடி பிடித்துப் பார்ப்பேன். எங்கள் வீட்டில் மணிக்கூட்டை யாரும் பார்ப்பதில்லை. ஒரு பாங்குக்கும் அடுத்த பாங்குக்கும் இடையில் அந்தக் காலுக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தால், எங்களுக்கு ஒரு வேளை கழிந்தது.

இன்று விடியற்கால ஸுபஹுக்கு முன்னும் துடைத்தேன். வலது காலின் பெருவிரலை என் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்தக் காலிலாவது உணர்வு இருக்கிறதா என்று பார்க்க, வழக்கம்போல் கண்ணை மூடச் சொன்னேன்.

"தெரியுதா?"

அவர் கண்ணை மூடியபடியே காத்திருந்தார்.

"நீ இன்னும் தொடல்லயே."

நான் விரலை விடவில்லை. இன்னும் பலமாக அழுத்தினேன். பள்ளியில் பாங்கு தொடங்கியது. அவர் கண்ணைத் திறந்து, என் கை இருந்த இடத்தைப் பார்த்தார்.

"சரி புள்ள," என்றார். "மண் டப்பாவ எடு."