பொடி போட்ட இடம்

தென்காசிப் பதிவு ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதிய அந்த ஆளை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. எண்ணெய் வழியும் குடுமி, மூக்குக்கடியில் எந்நேரமும் பொடிக்கறை.

என் தங்கை புருஷன் தன் வீட்டை அடமானம் வைத்தபோது, "சும்மா ஒரு கையெழுத்துதான் மச்சான்" என்று என்னை அங்கேதான் கூட்டிப்போனார். அந்த ஆள் பத்திரத்தை மடமடவென்று வாசித்தார். 'அவர் கட்டத் தவறினால் நானே கட்டுவேன்' என்ற ஜாமீன் வரி வந்ததும் நிறுத்தி, என்னையே பார்த்தபடி ஒரு சிட்டிகை பொடி போட்டார். பிறகு மிச்சத்தையும் வாசித்தார். தங்கை முகத்தை நினைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

மாப்பிள்ளை கொழும்புக்குக் கப்பலேறிவிட்டார். அவர் வீடு ஏலம் போயும் கடன் தீரவில்லை. இலத்தூரில் இருந்த என் வயலும் போயிற்று.

அடுத்த சாரல் காலத்தில், குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வந்த அந்த ஆளை மறித்தேன்.

"ஏம்வே, வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா கொறைஞ்சா போயிருவீரு?"

அவர் அசரவில்லை.

"மாப்பிள்ளையைப் பக்கத்துல வச்சுக்கிட்டு எப்படிவே சொல்ல? அதுக்குத்தான் அந்த வரியில நிறுத்திப் பொடி போடுதது. பாதிப் பேரு யோசிச்சு, அங்கனயே எந்திரிச்சுப் போயிருவாவ. நீரு, எனக்கும் கொஞ்சம் தாரும்னு கையை நீட்டுனீரு!"